முற்றத்துப் பறவைகளும் மேற்கு நைல் காய்ச்சலும்

கர்க்கடக மாதத்து அமாவாசை நாளில் திருவல்லத்திற்கோ சங்குமுகம் கடற்கரைக்கோ சென்றவர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். நீத்தாருக்குப் பலிச்சோறு இட்டவர்கள் ஈரக்கையைத் தட்டிக் காக்கையை அழைப்பர். காக்கை வந்து கொத்திய பின்னரே மனநிறைவோடு வீடு திரும்புவர். தமிழர் இல்லங்களிலும் இவ்வழக்கம் உண்டு. முதற் பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்த பின் இலையில் அமரும் பாட்டிமார் கரமனையிலும் சாலையிலும் இன்றும் இருக்கின்றனர். நம் வீட்டு வாழ்வோடு இத்துணை நெருங்கிய பறவை வேறொன்றில்லை.

அக்காக்கை ஒருநாள் காலையில் முற்றத்தில் செத்துக் கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? குச்சியால் தள்ளி, மதிலுக்கு அப்பால் எறிந்துவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். அது ஏன் இறந்தது என்று கேட்பதில்லை. நோய்ச் செய்தி நாளிதழில் வந்துவிட்டாலோ இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். பறவை என்றாலே அஞ்சி, மரத்திலுள்ள கூட்டைக் கலைக்கவும் கல்லெடுத்து எறியவும் தொடங்குகிறோம். முன்னது பாராமுகம், பின்னது வீண் பழி. இவ்விரண்டிற்கும் இடையே அறிவின் வழி ஒன்று உண்டு. கேரளத்தில் இக்காலத்துப் பேசப்படும் மேற்கு நைல் காய்ச்சலைச் சான்றாகக் கொண்டு அவ்வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிட்டுக்குருவி கற்பித்த பாடம்

கொசுவும் பறவையும் சேர்ந்து மனிதனுக்குப் பாடம் கற்பித்தது நம் நாட்டிலேதான். 1898-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தார் ரொனால்டு ராஸ். மலேரியா எவ்வாறு பரவுகிறது என்பது அவர் விடைதேடிய வினா. மனிதரை வைத்து ஆய்வதற்கு வாய்ப்பு அரிதாயிற்று. ஆகவே, பறவைகளுக்கு வரும் மலேரியாவை அவர் எடுத்துக்கொண்டார். நோயுற்ற சிட்டுக்குருவியின் குருதியைக் கொசுக்கள் குடிக்குமாறு விட்டார். அக்கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, முடிவில் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். அக்கொசுக்களை நல்ல குருவிகளைக் கடிக்க விட்டபோது அவையும் நோயுற்றன. இவ்வாய்வுத் தொடரே அவருக்கு 1902-இல் நோபெல் பரிசைத் தேடித்தந்தது.

மலேரியாவை உண்டாக்குவது ஓரணு உயிர். நாம் இங்கே பேசப்போவது வைரஸ். இரண்டும் வேறு வேறு. ஆயினும் பறவையிலிருந்து கொசுவிற்கும், கொசுவிலிருந்து பறவைக்கும் நோய் செல்லும் பாதை ஒன்றே. ராஸ் குருவிகளைக் கடிக்கவிட்டது கியூலெக்ஸ் இனக் கொசு. அந்த இனமே இன்றும் நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி, மாலையில் நம் காதருகே பாடுகிறது. மேற்கு நைல் வைரஸைச் சுமப்பனவும் கியூலெக்ஸ் கொசுக்களே.

பெயரும் பிறப்பும்

1937-ஆம் ஆண்டு நம் பல்கலைக்கழகம் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றிய ஆண்டு. அதே ஆண்டில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், மேற்கு நைல் என்னும் மாவட்டத்தில், காய்ச்சலுற்ற ஒரு பெண்ணின் குருதியிலிருந்து இவ்வைரஸ் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இடத்தின் பெயரே நோயின் பெயராயிற்று.

இதற்குப் பறவையோடுள்ள தொடர்பு 1950-களில் எகிப்து நாட்டில் விளங்கிற்று. நைல் ஆற்றுக் கழிமுகத்துச் சிற்றூர்களில் அறிஞர்கள் காக்கை, குருவி முதலியவற்றின் குருதியை ஆராய்ந்தனர். நோயை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் பல காக்கைகளின் குருதியில் இருந்தது. அவை முன்னரே நோயுற்று, தேறிப் பிழைத்தவை என்பது இதன் பொருள். அக்குழுவில் பணிபுரிந்த டெல்ஃபோர்டு ஒர்க் என்னும் அறிஞர் பின்னர் நம் நாட்டிற்கு வந்து, புனேயில் 1952-இல் நிறுவப்பட்ட வைரஸ் ஆய்வு மையத்தின் தலைவராகவும் இருந்தார். இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அம்மையத்தின் வளர்ச்சியே.

நோய் சுழலும் முறை

இந்நோயின் சுழற்சியை உணர்ந்தாலன்றி, யார்மீது பழி, எங்கே காவல் என்பன விளங்கா.

வைரஸின் இயல்பான உறைவிடம் பறவையின் உடல். நோயுற்ற பறவையின் குருதியில் சில நாட்கள் வைரஸ் மிகுந்திருக்கும். காக்கையைப் போன்ற பறவைகளில் ஒரு துளிக் குருதியில் கோடிக்கணக்கில் இருப்பதும் உண்டு. அந்நாட்களில் அதனைக் கடிக்கும் கொசுவும் நோய்க்கிருமியைப் பெறும். கொசுவின் உடலிலே அது பெருகி உமிழ்நீரை அடைவதற்குச் சில நாட்கள் செல்லும். வெப்பம் மிகுந்தால் அந்நாட்கள் குறையும். பின்னர் அக்கொசு கடிக்கும் ஒவ்வொரு பறவைக்கும் நோய் பரவக்கூடும். கியூலெக்ஸ் கொசு அந்தியிலும் இரவிலும் கடிப்பது. பறவைகள் மரங்களில் அடைவதும் அவ்வேளையிலேதான். எனவே, கூட்டமாய் அடையும் பறவைகள் கொசுவிற்கு எளிதில் இரையாகின்றன.

மனிதனும் குதிரையும் இச்சுழற்சியில் தவறி விழுந்தவர்கள். அவர்களுடைய குருதியில் வைரஸ் அத்துணை பெருகுவதில்லை. நோயாளியைக் கடித்த கொசு, அவரிடமிருந்து வைரஸைப் பெற்று மற்றவர்க்குக் கொடுக்கும் வாய்ப்பு இல்லை. முட்டுச் சந்தில் புகுந்த வண்டிபோல நோய் மனிதனோடு நின்றுவிடுகிறது. தொடுவதாலும் உடனிருந்து பணிவிடை செய்வதாலும் இது தொற்றாது. குருதியேற்றம், உறுப்பு மாற்றம் முதலியவற்றால் அரிதாகப் பரவியதுண்டு.

கிருமி புகுந்த மனிதர் 100 பேரில் ஏறத்தாழ 80 பேர் ஒன்றும் உணர்வதில்லை. ஏறத்தாழ 20 பேருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி முதலியன தோன்றும். 150 பேரில் ஒருவர் அளவில் மூளையோ நரம்போ தாக்கப்பட்டு, உயிருக்கு இடர் நேரும். முதியோர்க்கும் உடல் வலிமை குன்றியோர்க்கும் இவ்விடர் மிகுதி. குதிரைக்குத் தடுப்பூசி உண்டு. மனிதனுக்கு இன்றுவரை இல்லை. நோயைத் தீர்க்கும் தனி மருந்தும் இல்லை. கொசுவைத் தடுப்பதே காப்பு.

நியூயார்க் காக்கைகள்

1999-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரில் காக்கைகள் இறந்து விழத் தொடங்கின. ஆகஸ்டு மாத இறுதியில் மனிதரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. அந்நாட்டில் முன்னரே அறியப்பட்டிருந்த செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சலே இது என்று அறிவிக்கப்பட்டது. காக்கைகளின் சாவை மனிதரின் நோயோடு எவரும் எளிதில் இணைக்கவில்லை.

பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் நோயியல் வல்லுநராக இருந்த டிரேசி மெக்நமாரா என்னும் கால்நடை மருத்துவர் இணைத்துப் பார்த்தார். அங்கே பூநாரை முதலிய பறவைகளும் இறந்தன. அவர் எண்ணிய முறை மாணவர்க்கு நல்ல பாடம். செயின்ட் லூயிஸ் நோய் பறவைகளைக் கொல்வதில்லை. ஆகவே, அதுவாக இருத்தல் இயலாது. குதிரைகளுக்கு வரும் மற்றொரு மூளைக்காய்ச்சல் ஈமுவைத் தாக்கும், ஈமுக்கள் நலமாயிருந்தன, எனவே, அதுவும் அன்று. கோழிகள் நலமாயிருந்தமையால் கோழிகளைக் கொல்லும் நோய்களும் அல்ல. இங்ஙனம் ஒவ்வொன்றாய்க் கழித்தபோது, அந்நாடு அறியாத நோய் ஒன்று வந்திருக்கிறது என்னும் ஐயம் வலுப்பெற்றது. செப்டம்பர் மாத இறுதியில் ஆய்வுக்கூடங்கள் அதனை மேற்கு நைல் வைரஸ் என உறுதி செய்தன. 1998-இல் இஸ்ரேல் நாட்டில் இறந்த ஒரு வாத்தினப் பறவையிடம் கண்ட வைரஸோடு அது மிகவும் ஒத்திருந்தது. அவ்வாண்டு நியூயார்க் வட்டாரத்தில் 62 பேர் கடுமையாக நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். சில ஆண்டுகளிலேயே நோய் அக்கண்டத்தின் மேற்குக் கரைவரை பரவிற்று.

காக்கை முதலில் சொன்னது. மனிதன் பின்னர்க் கேட்டான். அதன்பின் அந்நாட்டில் செத்த காக்கைகளைக் கணக்கெடுப்பது பொதுநலத் துறையின் பணிகளுள் ஒன்றாயிற்று. மேற்கு நைலுக்கு உறவான உசுட்டு என்னும் வைரஸையும் ஐரோப்பாவில் பறவைகளே காட்டிக்கொடுத்தன. 2001-இல் வியன்னா நகரத் தோட்டங்களில் கரும்பறவை என்னும் பாடும் பறவைகள் இறந்து விழுந்தமையே அதன் வருகையை அறிவித்தது.

நம் நாட்டு நிலை

இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அமெரிக்கக் காக்கைகளுக்கு இவ்வைரஸ் முற்றிலும் புதியது. எதிர்ப்பு ஆற்றல் இன்மையால் அவை கூட்டங்கூட்டமாய் மடிந்தன. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய பழைய நிலங்களிலோ பறவையும் வைரஸும் நெடுநாள் பழகியவை. பறவை நோயைச் சுமந்தும் சாகாமல் இருக்கக்கூடும். 1996-இல் ருமேனியாவின் புக்காரெஸ்டு நகரில் நூற்றுக்கணக்கானோர் இந்நோய்க்கு ஆளாயினர். அப்போது பறவைகளின் சாவு முன்னறிவிப்பாக அமையவில்லை.

நம் தென்னாட்டு வரலாறும் இதனையே காட்டுகிறது. மேற்கு நைலுக்கு நெருங்கிய உறவினது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955-இல் வேலூரில் அறியப்பட்டது. அதன் இயற்கை உறைவிடம் கொக்கு, நாரை இனப் பறவைகள்; அதனைப் பெருக்குவது பன்றி; சுமப்பது நெல்வயல் நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு. வயல்தோறும் நிற்கும் மடையானும் உண்ணிக்கொக்கும் அவ்வைரஸைச் சுமந்தும் நோயின்றித் திரிகின்றன. வேலூர் வட்டாரத்தில் பின்னர் நடந்த ஆய்வுகளில் மேற்கு நைல் வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே, இது நேற்று வந்த விருந்தாளி அன்று.

கேரளத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1996-இல் குட்டநாட்டை அண்டிய ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பரவியது. 2011-இல் ஆலப்புழை மாவட்டத்தில் மூளைக்காய்ச்சல் தோன்றியபோது, ஆராய்ந்தவர்கள் அதில் மேற்கு நைல் வைரஸைக் கண்டனர். 2019 மார்ச்சில் மலப்புரத்தைச் சேர்ந்த ஒரு சிறுவன் இந்நோயால் இறந்தான். 2022 மே மாதத்தில் திருச்சூர் மாவட்டத்தில் ஒருவர் இறந்தார். 2024 மே மாதத்தில் கோழிக்கோடு, மலப்புரம், திருச்சூர் மாவட்டங்களில் நோயாளிகள் காணப்பட்டதும், மாநிலமெங்கும் விழிப்பாயிருக்குமாறு சுகாதாரத் துறை அறிவித்தது.

இவ்வாண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை தோன்றும். நியூயார்க்கில் முதற்செய்தி காக்கையிடமிருந்து வந்தது. நம்மிடையே அது மனிதரின் நோய்ப்படுக்கையிலிருந்து வந்தது. ஒரு சிறுவனின் உயிர் போனபின்னர் நாடு விழிக்கிறது. இதனை மாற்ற இயலுமா என்பதே நம்முன் உள்ள வினா.

செத்த காக்கை சொல்வது யாது?

செத்த காக்கை ஒவ்வொன்றும் மேற்கு நைலால் இறந்தது என்று கொள்ளலாகாது. மின்கம்பியில் அடிபட்டு இறப்பதுண்டு. நஞ்சு கலந்த இரையால் இறப்பதுண்டு. பறவைக் காய்ச்சல் என்னும் வேறொரு நோயாலும் இறக்கும். 2024-இல் ஆலப்புழை மாவட்டத்தில் காக்கைகளிடம் அந்நோய் உறுதிப்பட்டது. அது கொசுவால் பரவுவதன்று. நோயுற்ற பறவையாலும் அதன் எச்சத்தாலும் பரவுவது. ஆகவே, காரணத்தை ஆய்வுக்கூடமே சொல்ல இயலும். நாம் செய்யக்கூடியது, செய்தியை ஆய்வுக்கூடம்வரை சேர்ப்பது.

மறுபுறம், பறவைகள் சாகவில்லை என்பதனால் நோய் இல்லை என்றும் கொள்ளலாகாது. நம் பறவைகள் சாகாமலே சுமக்கக்கூடியவை என்பதை மேலே கண்டோம். ஆதலின், சாவை எண்ணுவதோடு நில்லாமல், பறவைகளின் குருதியில் எதிர்ப்புப்பொருள் உளதா என்றும், பிடிக்கப்பட்ட கொசுக்களில் வைரஸ் உளதா என்றும் ஆராய்தல் வேண்டும். சில நாடுகளில் கோழிகளைக் காவலாக வைத்து, அவற்றின் குருதியை அடிக்கடி சோதிக்கின்றனர். கோழி மேற்கு நைலால் நோயுறுவது அரிது; அதன் குருதியில் வைரஸ் மிகுவதும் இல்லை. ஆனால், எதிர்ப்புப்பொருள் தோன்றும். அதனால், தானும் கெடாமல் பிறரையும் கெடுக்காமல் செய்தி சொல்லும் ஒற்றனாகிறது கோழி.

இதற்கு வேண்டிய அறிவுக்கருவிகள் நமக்குத் தொலைவில் இல்லை. பாலோட்டில் கால்நடைத் துறையின் விலங்குநோய் ஆய்வு நிறுவனம் உள்ளது. தோன்னய்க்கலில் கேரள உயர்நிலை வைராலஜி நிறுவனம் உள்ளது. ஆலப்புழையில் தேசிய வைராலஜி நிறுவனத்தின் கிளை உள்ளது. குறைவது, முற்றத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே செய்தி செல்லும் பாதையே.

பெயரறிதலும் ஒரு பணி

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்குத் தனிப்பணி ஒன்று உண்டு. ‘ஏதோ ஒரு குருவி செத்துக் கிடந்தது’ என்றால் ஆய்வாளர்க்குப் பயனில்லை. எப்பறவை, எங்கே, என்று என்பன வேண்டும். இரு மொழிகள் வழங்கும் இந்நகரில் ஒரே பறவைக்கு இரு பெயர்கள் உள்ளன. சாம்பல்நிறக் கழுத்துடைய ஊர்க்காக்கையை மலையாளத்தில் பேனக்காக்கை என்பர். முழுதும் கறுத்த நம் அண்டங்காக்கை அவர்கட்குப் பலிக்காக்கை. நாம் உண்ணிக்கொக்கு என்பதை அவர்கள் காலிமுண்டி என்பர், மடையான் குளக்கொக்கு, இரவில் பறக்கும் வக்கா பாதிராக்கொக்கு, தவிட்டுக்குருவி கரியிலக்கிளி. இவற்றை நன்கு அறிந்த ஒரு மாணவன், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லும் ஒரு வரிச் செய்தியும் பயனுடையதாகும்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வரும் மாணவர்க்கு இது இன்னும் எளிது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் ஆண்டுதோறும் வந்திறங்கும் நீர்ப்பறவைகளை அவர்கள் இளமைமுதல் கண்டவர்கள். அத்தகைய பார்வையே வெள்ளாயணிக் காயலிலும் புஞ்சக்கரி வயல்களிலும் நமக்கு வேண்டப்படுகிறது.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, கொசு பிறக்கும் நீரை ஒழித்தல். கேரளத்தில் வெள்ளியன்று பள்ளிகளிலும், சனியன்று அலுவலகங்களிலும், ஞாயிறன்று வீடுகளிலும் உலர்நாள் கடைப்பிடிக்குமாறு சுகாதாரத் துறை கூறுகிறது. சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் உள்ள நீரைக் கொட்டுவது டெங்குக் கொசுவைக் குறைக்கும். கியூலெக்ஸை ஒழிக்க அதுமட்டும் போதாது. அது சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பெருகுவது. ஆதலின், குழியின் மூடியில் இடுக்கின்றி அடைத்தலும், காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டுதலும், அடைபட்ட ஓடையைத் திறந்துவிடுதலும் வேண்டும். ஆமயிழஞ்சான் ஓடையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை நீரைத் தேக்குகிறது. தேங்கிய நீர் கொசுவை வளர்க்கிறது.

இரண்டாவது, கோடையில் பறவைகளுக்கென்று முற்றத்தில் நீர்ச்சட்டி வைக்கும் நல்வழக்கம் உடையோர் கவனிக்க வேண்டியது. கொசு முட்டையிட்டு, புழுவாகி, சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். சட்டியை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, புதுநீர் வார்த்தால் கொசு அங்கே பிறவாது. கழுவாமல் விட்டால், பறவைக்கு நாம் வைத்த நீரே அதனைக் கடிக்கும் கொசுவையும் பெறும்.

மூன்றாவது, இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதிருத்தல். கையுறையோ தடித்த பையோ கொண்டு எடுத்தல் வேண்டும். ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்தாலும், காக்கை தலைசாய்ந்து பறக்கவியலாமல் தடுமாறினாலும் கால்நடை மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அறிவித்தல் வேண்டும்.

நான்காவது, மாலையில் முழுக்கைச் சட்டை, இரவில் கொசுவலை. விடுதி அறைகளில் வலை கட்டுவதை நாணத்தக்கதாக எண்ணும் நண்பர்கள் அவ்வெண்ணத்தை விடுதல் நன்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தைகட்கு அதனை இடும் மாவட்டங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. தம்பி தங்கையர்க்கு அது இடப்பட்டதா என்று கேட்டறிவது மூத்தோர் கடன்.

ஐந்தாவது, பறவையைத் துரத்தாதிருத்தல். கூட்டைக் கலைத்தால் பறவை வேறு மரத்திற்குப் போகும். நோயும் உடன் போகும். கொக்கு வயற்பூச்சியைத் தின்கிறது. காக்கை தெருக்கழிவைத் தின்கிறது. நோயை அவை உண்டாக்கவில்லை. நம்மைப்போல் அவையும் கடிபட்டவை.

முடிவாக ஒன்று. காரியவட்டம் வளாகத்தில் மரங்களுக்கும் பறவைகளுக்கும் குறைவில்லை. நம் மன்றத்தின் சார்பில் ஒரு குறிப்பேடு வைக்கலாம். இறந்த பறவை கண்ட நாள், இடம், பறவையின் பெயர் இம்மூன்றையும் எழுதினால் போதும். மாதந்தோறும் விலங்கியல் துறை நண்பர்களோடு அமர்ந்து அதனைப் பார்க்கலாம். ஓராண்டில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழாதிருக்கலாம். ஆயினும், ஒரு மாதத்துக் கணக்கு திடீரென உயர்ந்தால், அதனை உயர்வென்று சொல்வதற்கு முந்தைய மாதங்களின் கணக்கு நம் கையில் இருக்கும். காக்கைகளின் சாவை மனிதரின் நோயோடு உடனே இணைத்துப் பாராமையால் நியூயார்க்கில் சில வாரங்கள் வீணாயின.

கர்க்கடக அமாவாசையன்று காக்கை வரவில்லையென்றால் நம் மக்கள் கவலையோடு வானத்தைப் பார்க்கின்றனர். அக்கவலையில் ஒரு சிறு பங்கை, ஆண்டின் மற்ற நாட்களிலும் அதற்கு நாம் தருதல் வேண்டும்.